தமிழைப் படமாக்காதீர்!

எழுத்தென்பது ஒலிக்கு இட்ட வடிவம். கண்ணுக்குப் புலனாகும் வரி அதன் ஒரு பாதியே. மறுபாதி அவ்வரிக்குள் உறங்கும் ஒலி. படிப்பார் முன் வந்த அளவில் அவ்வொலி விழித்தெழுதல் வேண்டும். விழித்தெழாத வரி கோலமாகலாம், எழுத்தாகாது. இணையத்தளங்களில் தமிழென்று காட்டப்பெறுவனவற்றுள் எழுத்து எவ்வளவு, வெறுங்கோலம் எவ்வளவு என்று கணக்கெடுக்கும் கடமையைத் தமிழர் இனியும் தள்ளிப்போடுதல் ஆகாது.

தமிழமைப்பு ஒன்று மாநாடு கூட்டுவதாக வைத்துக்கொள்க. அழைப்பிதழ் அழகுற அச்சாகின்றது. அதனைப் படமெடுத்து அமைப்பின் இணையத்தளத்தில் ஒட்டிவிடுகின்றனர். நாள், நேரம், இடம், பொழிவாளர் பெயர் யாவும் அப்படத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. கண்ணுடையார் படித்துக்கொள்வர். பார்வையற்ற தமிழர் ஒருவர் அதே பக்கத்தைத் திறக்கின்றார். அவருடைய கணினி அவர்க்குச் சொல்லும் செய்தி ஒரே ஒரு சொல்: "படம்". சிலபோழ்து, அப்படக்கோப்புக்கு எவரோ இட்ட உரோம எழுத்துப் பெயரும் சில எண்களும் தொடர்ந்து ஒலிக்கும். மாநாடு தமிழைக் காக்க. அதன் அழைப்பிலோ தமிழ் இல்லை!

கண்ணில்லாதார்க்குக் கணினி எதற்கு என்று கேட்கும் அறியாமை இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. பார்வையற்றோர் கணினியைக் கேட்டுப் படிக்கின்றனர். திரைப்படிப்பான் என்னும் மென்பொருள், பக்கத்திலுள்ள எழுத்துகளுக்குரிய குறியெண்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பேச்சொலியாக்கிச் செவிக்குத் தருகின்றது; புள்ளியெழுத்துக் கருவியை இணைத்தால் விரல்நுனிக்கும் தருகின்றது. ஆத்திரேலியரான மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைப்படிப்பானை எவரும் விலையின்றிப் பெறலாம். அதனோடு வரும் ஒலிப்பொறி தமிழையும் பேசும். அக்குரலில் இனிமை இல்லை. ஆயினும் பழகிய செவிக்கு அது போதும். கைப்பேசிகளிலும் இத்தகைய ஏந்து உள்ளடங்கியே வருகின்றது. ஆகக் கருவி இருக்கின்றது, குரல் இருக்கின்றது, படிக்கும் வேட்கையொடு மாந்தர் இருக்கின்றனர். இல்லாதது பக்கத்தில் எழுத்து ஒன்றே.

அவ்வேட்கை உடையார் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று. தமிழ்நாட்டில் பார்வையற்ற மாணவர் பலர் கல்லூரியில் விரும்பியெடுப்பது தமிழிலக்கியம். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தமிழ் கற்பிக்கும் பார்வையற்ற ஆசிரியர் பலர் உளர். நூலைப் பிறர் படிக்கக் கேட்டும், கேட்டதை ஒலிநாடாவில் பதிந்தும், நினைவில் நிறுத்தியும் வளர்ந்த தலைமுறை அது. பிறர் ஓய்வு நேரத்தை எதிர்பார்த்து நூல் படித்த அவர்க்கு, வேண்டிய பொழுதில் வேண்டிய நூலைத் தாமே படிக்கும் விடுதலையை இணையம் தந்திருக்க வேண்டும். ஆங்கில நூல் படிப்பார்க்கு அது தந்துவிட்டது. தமிழ் படிப்பார்க்கு அரைகுறையாகவே தந்திருக்கின்றது. காரணம் வெள்ளைக்காரன் அல்லன், வடவனும் அல்லன். தமிழ்ப் பக்கங்களை வனையும் தமிழரே.

படம் ஒட்டுவதினும் பழையதும் ஆழமானதுமான கேடு இன்னொன்றுண்டு. 1990களில் இணையத்தில் தமிழை ஏற்ற முயன்ற முன்னோடிகள், உரோம எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களைப் படைத்தனர். அன்று வேறு வழி இருந்ததில்லை. அவர்தம் உழைப்பு போற்றத்தக்கதே. மயிலை, பாமினி, வானவில் என எழுத்துருக்கள் பல்கின. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி இருக்கை வரிசை வகுத்துக்கொண்டது. பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கணினிக்குள் பதிவாவது என்ன? சே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோமச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே! அவ்வெழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணினியில் பொருளற்ற உரோமக் குப்பையாகக் கிடக்கும். திரைப்படிப்பானுக்கோ எழுத்துருவின் வடிவம் தெரியாது, குறியெண்ணே தெரியும். எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒலிப்பது அக்குப்பையையே. தேடுபொறி காண்பதும் அஃதே.

அத்தகைய பக்கங்கள் இன்னும் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. பி.டி.எப். கோப்புகளுக்குள் அவை இன்னும் மிகுதி. மேலே பார்த்தால் தூயதமிழ். உள்ளே ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கிலச் சொல்லொன்று தமிழ்த் தொடருக்குள் புகுந்தால் பதறித் துடிக்கும் உள்ளங்கள், கட்டுரை முழுவதுமே உரோம எழுத்தாலாகிக் கிடப்பது கண்டு பதறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பிறமொழிக் கலப்பு அது; ஆனால் செவிக்குத் தெரியும்.

இதற்கு மருந்து ஒருங்குறி என்பது யாவரும் அறிந்ததே. யூனிகோடு என்று உலகம் வழங்கும் அவ்வொருங்குறியின்மீது தமிழறிஞர்க்கு மனக்குறை உண்டு. அது வெற்றுக்குறையும் அன்று. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பு, இந்தியாவில் 1988இல் வகுக்கப்பெற்ற குறியேற்றத்தைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இருக்கைகள் கொண்ட கட்டகத்தை ஒதுக்கிற்று. அக்குறியேற்றம் தேவநாகரியின் அச்சில் வார்த்தது. மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழிலக்கணம். ஒருங்குறியோ அகரமேறிய உயிர்மெய்யை அடியாக வைத்து, அதன்மேற் புள்ளியிட்டு மெய்யைப் பெறுகின்றது. பிள்ளையைத் தாயென்றும் தாயைப் பிள்ளையென்றும் பதிவேட்டில் எழுதிய கதை!

இதனை இலக்கணப் பூசலென்று ஒதுக்குவார் ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. 'தமிழ்' என்னும் சொல்லுக்கு எழுத்து மூன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஒருங்குறிக் கணக்கில் அது ஐந்து: தகரம், மகரம், மேல்விலங்கு, ழகரம், புள்ளி. பெயரை இத்தனை எழுத்துக்குள் எழுதுக என்று படிவம் கட்டளையிடும்போது தமிழன் பெயர் ஆங்கிலேயன் பெயரினும் விரைவில் இடமின்றி நின்றுவிடும். தலைப்பை நான்கு குறியெண்ணோடு வெட்டுக என்று நிரலெழுதியவன் சொல்லியிருந்தால், 'தமிழ்' என்பது 'தமிழ' என்று புள்ளியிழந்து நிற்கும். இலக்கணம் அறிந்த நிரலர், குறியெண்ணை எண்ணாது எழுத்தை எண்ணும்படி நிரலெழுதுவார், அதற்கு வழியிருக்கின்றது. அறியாதார் வெட்டிக்கொண்டே இருப்பர்.

247 எழுத்துகட்கும் தனித்தனி இருக்கை தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை வல்லுநர் வகுத்தனர். 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அதனையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆயினும் உலகக் கருவிகள் படிப்பதும் தேடுவதும் ஒருங்குறித் தமிழையே. அதே 2010இல் ஒருங்குறியின் தமிழ்க் கட்டகத்துள் கிரந்த எழுத்துகளை நுழைக்கும் முன்மொழிவு எழுந்தது. தமிழுலகம் கொதித்தெழுந்தது. நுழைவு தடுக்கப்பெற்றது, கிரந்தத்திற்கு 2014இல் தனிக்கட்டகம் ஒதுக்கினர். அவ்விழிப்பு பாராட்டத்தக்கது. ஆனால் கோட்டையைக் காத்தவர்கள் அதற்குள் குடியேறவும் வேண்டும் அல்லரோ? பகைவன் நுழையாது கதவடைத்துவிட்டுத் தாமும் வெளியே பாமினிக் குடிசையிலேயே படுத்துக்கொள்வது என்ன போர்முறை?

பழைய எழுத்துருவே அழகு, ஒருங்குறி எழுத்துருக்கள் அழகற்றவை என்று சொல்லி ஒதுங்குவாரும் உளர். விண்டோசு 2000 வெளிவந்த காலத்தில் லதா என்னும் ஓரெழுத்துருவை வைத்தே காலந்தள்ள வேண்டியிருந்தபோது அப்பேச்சுக்கு ஓரளவு பொருளிருந்தது. இன்று பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தனுப்பும் முறை எல்லா உலாவிகளிலும் உண்டு. நோட்டோ, மீரா இனிமை, முக்தா மலர் எனக் கட்டற்ற உரிமத்தில் விலையின்றிக் கிடைக்கும் ஒருங்குறித் தமிழெழுத்துருக்களும் பல. அழகைக் காரணங்காட்டும் சோம்பலுக்கு இனி இடமில்லை.

எழுத்து எழுத்தாகவே இருக்கும் பக்கங்களிலும் படிப்பார்க்கு இடர் தீர்ந்தபாடில்லை. உரோம எழுத்துக்கு வகுத்த அளவுகளை அப்படியே எடுத்துத் தமிழுக்கு உடுத்துகின்றனர். அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டியதுபோல் என்று சொல்வதற்கும் இல்லை; வேற்றூரான் சட்டை அது. தமிழ் வரியில் மேலே புள்ளியும் மேல்விலங்கும் சுழியும் நிற்கும். கீழே கீழ்விலங்கும், மூ, ரூ, ழூ போல்வனவற்றின் வளைவுகளும் தொங்கும். எழுத்துயரத்தின் ஒன்றேகால் மடங்கு கூட இல்லாத வரியிடைவெளியில் மேல்வரியின் தொங்கலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். புள்ளி மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகும். இரட்டைக்கொம்பின் சுழி மங்கினால் 'கோடு' என்பது 'கொடு' ஆகும். ஏட்டுச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தமையால் பதிப்பாசிரியர் பட்ட பாடு கொஞ்சமன்று. நெட்டெழுத்தையும் குற்றெழுத்தையும் பிரித்துக் காட்டும் இற்றைக் கொம்பு முறைக்கு வீரமாமுனிவரை நன்றியோடு நினைக்கின்றது தமிழுலகம். அத்தனை பாடுபட்டுப் பெற்ற தெளிவை ஒரு வரியிடைவெளிக் குறைவால் இழப்பதோ! ஒன்றரை மடங்கு இடைவெளி விட்டால் ஏடு கிழிந்துவிடாது.

எழுத்தின் அளவுக்கும் இஃதே வழக்கு. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதல் அச்சேறிய மொழி தமிழ். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதற்குச் சான்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தமையால், சீகன்பால்கு குழுவினர் உள்ளூரிலேயே சிற்றெழுத்து வார்த்துக்கொண்டனர். அன்று தாள் அருமை; சிற்றெழுத்து பொருந்தும். பிற்காலத்தில் கைப்பொருள் இழந்து தமிழிதழ் நடத்தியோர் எட்டுப் பாயிண்டு எழுத்தில் நெருக்கி அச்சிட்டதும் பொறுக்கத்தக்கதே. திரைக்குத் தாள் வேண்டுவதில்லை. உலாவிகள் இயல்பாகவே 16 படப்புள்ளி அளவை வைத்திருக்கின்றன. அதனையும் 12, 13 எனச் சுருக்குவது யாருடைய காசைச் சேமிக்க? ஐம்பது அகவை கடந்த கண்ணுக்கு ணகரத்தின் சுழிகளும் னகரத்தின் சுழிகளும் வேறுபட்டுத் தெரிய இடம் வேண்டாவோ? தமிழிதழ் படிப்போருள் பெரும்பாலார் எந்த அகவையினர் என்பதை ஆசிரியர் குழுக்கள் அறியும்.

தடிப்பெழுத்தும் சாய்வெழுத்தும் இன்னொரு கூத்து. தடிப்பு வடிவம் தனியே வரையப்பெறாத எழுத்துருவைத் தடிப்பாக்கச் சொன்னால் உலாவி கோடுகளை ஊதிப் பெருக்கும். ஞகரம், ஐகாரம் ஆகியவற்றின் உள்வெளிகள் அடைபட்டு மைத்திட்டாகிவிடும். சாய்வெழுத்து உரோம எழுத்தின் கையெழுத்து மரபில் பிறந்தது, தமிழுக்கு அம்மரபில்லை. நூற்பெயரைச் சாய்த்துக் காட்டுவது ஆங்கில அச்சுமுறையின் எதிரொலி. நிமிர்ந்து நிற்கும் எழுத்தைத் தள்ளிச் சாய்த்துப் படிப்பாரையும் ஏன் தலைசாய்க்க வைக்க வேண்டும்? மேற்கோட்குறி இருக்கவே இருக்கின்றது.

நிறத்தைப் பற்றிச் சொல்லின் தமிழியக்கத்தார்க்குச் சிறிது கசக்கும். வைய விரிவு வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகுநெறிகள், எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் அளவில் இருத்தல் வேண்டும் என்கின்றன. வெள்ளையின்மேல் கருப்பு 21க்கு 1. முழுச்சிவப்பின்மேல் முழுமஞ்சள் எழுத்து வைத்தால் ஏறத்தாழ 3.7க்கு 1, வெள்ளையின்மேல் முழுச்சிவப்பு 4க்கு 1, வெள்ளையின்மேல் மஞ்சளோ 1.1ஐக்கூட எட்டாது. கொடிக்கு அந்நிறங்கள் தக்கன. தொலைவில் பெரிதாகப் பறப்பது கொடி. நான்கு பக்கக் கட்டுரையை மஞ்சளில் எழுதிச் சிவப்பின்மேல் ஏற்றினால், உணர்ச்சி மிக்க அன்பரும் பாதியில் பக்கத்தை மூடிவிடுவர். கருப்பின்மேல் சிவப்பு 5.2ஐத் தாண்டும் என்பது ஓர் ஆறுதல்.

அந்நெறிகளிலும் தமிழன் கண்ணோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. பெரிய எழுத்தென்றால் 18 பாயிண்டு என்றும், அல்லது சீன, சப்பானிய, கொரிய எழுத்துகளில் அதற்கு நிகரான அளவென்றும் அவை வரையறுக்கின்றன. வரியின் நீளம் 80 எழுத்துக்கு மேற்படலாகாது, அம்மூன்று மொழிகளுக்கு 40 என்கின்றன. தமிழுக்கு என்ன அளவு? சொல்லப்படவில்லை. 80 என்று எண்ணும்போது 'தமிழ்' மூன்றா ஐந்தா? அதுவும் சொல்லப்படவில்லை. சீனரும் சப்பானியரும் கொரியரும் தம் எழுத்தின் தேவையை அளந்து, எழுதி, அவைக்களத்தில் வைத்தனர், இடம் கிடைத்தது. தமிழெழுத்தின் தேவைகளுக்கும் இணையத்தின் ஆற்றலுக்கும் இடையிலுள்ள குறைகளைத் தொகுக்கும் ஆவணம் ஒன்றை அக்கூட்டமைப்பு வைத்திருக்கின்றது. அதில் எழுத வேண்டியவர் தமிழெழுத்தை அறிந்தவர். மேடையில் முழங்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அதற்கு ஒதுக்கப்பெறுமாயின் பயன் பெரிது.

இனிக் கண்ணுக்குத் தெரியாத சில அமைப்புகள். இப்பக்கம் எம்மொழியில் உள்ளது என்று பக்கத்தின் தலையில் இரண்டெழுத்துக் குறி ஒன்று இடவேண்டும். அதனைப் பார்த்தே திரைப்படிப்பான் தமிழ்க்குரலுக்கு மாறும். ஆங்கிலப் பக்கத்தின் சட்டகத்தை எடுத்து உள்ளுரையை மட்டும் தமிழாக்குவோர் அக்குறியை மாற்ற மறந்துவிடுகின்றனர். விளைவு, தமிழுரையை ஆங்கிலக்குரல் படிக்க முயன்று திணறுகின்றது; அல்லது ஒன்றும் பேசாது தாண்டிச் செல்கின்றது. ஓரெழுத்தும் பிழையில்லாத தூயதமிழ்க் கட்டுரை, தன்னை ஆங்கிலமென்று பொய்யறிக்கை தந்துகொண்டு நிற்கும் நிலை! தலைப்பைத் தலைப்பென்று குறிக்காது வெறுமனே தடித்த எழுத்தாக்கி விடுவது இன்னொன்று. பார்வையற்றோர் நீண்ட பக்கத்தில் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் சென்று வேண்டிய பகுதியைப் பிடிக்கின்றனர். கண்ணுடையார் பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பதற்கு ஒப்பது அது. தலைப்புக்குறி இல்லையேல் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டே தீரவேண்டும். 'இங்கே சொடுக்குக' என்று பத்து இணைப்புகள் வைத்திருந்தால், இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்பவர்க்கு 'இங்கே சொடுக்குக' பத்துமுறை ஒலிக்கும். எங்கே? எதற்கு? 'ஆண்டுக்கட்டணம் செலுத்துக', 'சென்ற திங்கள் இதழைப் படிக்க' என்று எழுதினால் தமிழும் வளரும், வழியும் தெரியும்.

அரசின் பக்கங்களை விட்டுவிடுவதற்கில்லை. நடுவணரசு தன் இணையத்தளங்களுக்கென 2009இல் நெறிமுறை வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பெற்று 2017இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்பிரலில் இந்திய உச்ச அறமன்றம், மின்னியற் பணிகளை எட்டும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆயினும் தமிழில் தொடங்கும் படிவம், இரண்டாம் பக்கத்தில் ஆங்கிலமாகிவிடுவதையும், முடிவில் கோணல்மாணலான உரோம எழுத்துப் படமொன்றைக் காட்டி இதனைப் படித்துத் தட்டுக என்று கேட்பதையும் மக்கள் நாள்தோறும் காண்கின்றனர். தமிழ் மட்டும் அறிந்த முதியவர் அங்கே நின்றுவிடுவார். பார்வையற்றவரும் அங்கேயே நின்றுவிடுவார். மாந்தனா பொறியா என்று சோதிக்க வைத்த அப்பூட்டு, தமிழனையும் பார்வையற்றவனையும் பொறியென்று தீர்மானித்துத் திருப்பியனுப்புகின்றது! எண்ணைக் கேட்டுச் சோதிக்கலாம். கைப்பேசிக்குக் குறியெண் அனுப்பலாம். ஒலியாகவும் தமிழிற் சொல்லலாம். மனமிருந்தால் வழி பல.

இவ்வளவும் செய்யக்கூடியனவா என்று ஐயுறுவார், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைக் காண்க. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகின் பல மூலைகளிலுள்ள தமிழர் கூலி பெறாது சங்க நூல் முதல் இக்கால நூல் வரை தட்டச்சிட்டனர், மெய்ப்புப் பார்த்தனர். படமாக ஒட்டியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். அவர்கள் எழுத்தாகவே ஏற்றினர். குறியேற்றம் மாறியபோது, முன்பு திசுகியில் இருந்த நூல்களை ஒருங்குறிக்கும் பெயர்த்தனர். எழுத்தாக இருந்தமையாற்றான் பெயர்க்க முடிந்தது. இன்று பார்வையற்ற மாணவன் சிலப்பதிகாரத்தைத் தானே கேட்டுப் படிக்க இயலுகின்றதென்றால், முகமறியாத அத்தட்டச்சர்களின் விரல்களுக்கு அவன் கடன்பட்டவன். அப்பக்கங்களில் பூவேலை இல்லை, வண்ணப்படம் இல்லை. குறையென்று எவரும் சொன்னதுமில்லை.

தனித்தமிழ் இதழ்களின் பழைய மடலங்களோ இன்னும் பெரும்பாலும் வருடியெடுத்த படங்களாகவே இணையத்தில் கிடக்கின்றன. தாள் பொடியாகுமுன் படமெடுத்தவர் செய்தது நற்பணியே, அது முதற்படி. அடுத்த படியில் இன்னும் எவரும் கால்வைக்கவில்லை என்பதே குறை. தமிழ் அச்சைப் படித்து எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருள்கள் இன்று ஓரளவு செவ்வையாகவே வேலை செய்கின்றன. ஆனால் 1978ஆம் ஆண்டின் எழுத்துத் திருத்த ஆணைக்கு முந்திய ணா, றா, னா, லை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களில் அவை தடுமாறலாம். மங்கிய அச்சில் புள்ளியை விழுங்கலாம். அரிய தூயசொல்லைக் கண்டு தமக்குத் தெரிந்த கலப்புச் சொல்லாக மாற்றியும் வைக்கலாம். தமிழறிந்த கண் அருகிருந்து திருத்தல் வேண்டும். ஒரு மடலத்தை எட்டெட்டுப் பக்கமாகப் பங்கிட்டு, ஊருக்கு இருவர் மூவர் எடுத்துக்கொண்டால், ஒருவர் படிக்க ஒருவர் ஒப்புநோக்கச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் முடியும். திருத்திய பக்கத்தை ஏற்றுமுன் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் தந்து, கேட்டுப் பார்த்துப் பிழை சொல்லுமாறு வேண்டுக. கண் தவறவிட்ட ஒற்றுப்பிழையை அவர் செவி பிடித்துவிடும்.